ஆம் என்று சொன்னது யார்?

தேர்தல் நெருங்கினால் தொகுதிக்குள் இப்போது புதுவகை பிளெக்ஸ் முளைக்கிறது. முன்பெல்லாம் கையில் வாளோடும் காலடியில் சிங்கத்தோடும் நின்ற நம் எம்.பி., இப்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, மைக் முன்னால் விரல் நீட்டி நிற்கிறார். பக்கத்தில் எண்கள். வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை நூறு, கலந்துகொண்ட விவாதங்கள் இத்தனை. கீழே ஒன்றியச் செயலாளர் தொடங்கி டீக்கடை அதிபர் வரை தபால்தலை அளவுப் படங்களில் கும்பிடு போடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மனிதர் உழைத்திருக்கிறார் போலிருக்கிறதே என்றுகூடத் தோன்றும்.

அந்த பிளெக்ஸில் ஒன்று மட்டும் இருக்காது. எந்தச் சட்டத்துக்கு அவர் ஆம் என்றார், எதற்கு இல்லை என்றார் என்பது. நாம் அவருக்குப் போட்டது ஓட்டு. அதன் பலத்தில் டெல்லிக்குப் போய் அவர் போட வேண்டியதும் ஓட்டு. அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது.

பிளெக்ஸ் அடித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடமும் அந்தக் கணக்கு கிடையாது. டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு, ஒவ்வொரு எம்.பி.யும் எத்தனை நாள் வந்தார், என்ன கேட்டார், எதில் பேசினார், எத்தனை தனிநபர் மசோதா கொண்டுவந்தார் என்று பல வருடங்களாகத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. நல்ல காரியம், அது இல்லாவிட்டால் இந்த அளவுகூட நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஓட்டை அவர்களால்தான் எப்படித் தொகுக்க முடியும்? பெரும்பாலான சட்டங்களில், தொகுப்பதற்கு அப்படி ஒன்று பதிவாவதே இல்லை.

முதலில் வருகை; பிளெக்ஸிலும் அதுதானே முதல் வரி. நாடாளுமன்றத்தில் வருகை என்பது நெடுங்காலமாக ஒரு கையெழுத்துதான். போட்டவருக்கு அன்றைய படி உண்டு. 2023 ஏப்ரல் முதல் நாளுக்கு 2,500 ரூபாய். மாதச் சம்பளம் 1,24,000, தொகுதிப் படி 87,000 எல்லாம் தனி. கையெழுத்துப் போட்டவர் பிறகு அவையில் உட்கார்ந்தாரா, கேண்டீனில் உட்கார்ந்தாரா, மதிய விமானத்தில் உட்கார்ந்தாரா என்பதில் பதிவேட்டுக்குக் கவலை இருந்ததில்லை. அமைச்சர்களுக்கு அந்தக் கையெழுத்தும் வேண்டியதில்லை. பிரதமர் எத்தனை நாள் அவைக்கு வந்தார் என்று பதிவேட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. அதிகாரம் ஏற ஏற, வந்ததற்கான சாட்சியம் குறைந்துகொண்டே போகிறது.

2012-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட சச்சின் டெண்டுல்கர் ஆறு வருடத்தில் கேட்டது 22 கேள்விகள். நூறு சதம் அடித்த மனிதர். இங்கே கால் சதமும் வரவில்லை. அதே வருடம் நியமிக்கப்பட்ட நடிகை ரேகா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வருகையில் இருவருமே பத்து சதவீதத்தைத் தொடவில்லை. ஊரெல்லாம் அவர்களைப் பிடித்துக் காய்ச்சியது. காய்ச்சட்டும். ஆனால் அவர்கள் வராததால் எந்த விவசாயியின் நிலமும் போகவில்லை. நாள் தவறாமல் வந்தவர்கள் செய்ததைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

வராமலே பெயர் எடுத்த நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. 2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் இருவர் குதித்துப் புகைக் குப்பி வீசினார்கள். உள்துறை அமைச்சர் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் மறுநாள் கூச்சலிட்டார்கள். கூச்சலிட்டவர்களை இடைநீக்கம் செய்தார்கள். அந்தப் பட்டியலில் சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் பெயரும் இருந்தது. அவரோ அன்று டெல்லியிலேயே இல்லை. அவையில் இல்லாதவர் அவையில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாக நாட்டின் உச்சபட்ச மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. பிறகு, ஆளை அடையாளம் தெரியாமல் நடந்துவிட்டது என்று பெயரை எடுத்தார்கள். கண்ணெதிரே கூச்சல் போட்ட பத்துப் பதினைந்து பேரில் யார் யார் என்று தெரியாத அவை, ஐந்நூறு பேர் எழுப்பும் சத்தத்தில் 'ஆம்' எத்தனை, 'இல்லை' எத்தனை என்று மட்டும் காதாலேயே கண்டுபிடித்துவிடும். நம்ப வேண்டும்.

அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேரை வெளியேற்றினார்கள். அவர்கள் கொடுத்திருந்த கேள்விகளையும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். எதிர் வரிசைகள் காலியாகக் கிடக்க, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் பதிலாக மூன்று புதிய சட்டங்கள் நிறைவேறின. நாளைக்கு உங்களையோ என்னையோ போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் எந்தப் பிரிவில் போடும் என்பதை முடிவு செய்த நாட்கள் அவை. அந்த நாட்களில் தெருவில் நிறுத்தப்பட்டவருக்கு வருகைப் பதிவில்லை. உள்ளே மேசையைத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு நூற்றுக்கு நூறு.

அடுத்தது கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். யாருடைய கேள்வி அந்த இருபதில் வரும் என்பது குலுக்கல். அதிலும் நாலைந்தைத் தாண்டுவதற்குள் ஒரு மணி நேரம் முடிந்துவிடும், அல்லது அவையை ஒத்திவைத்துவிடுவார்கள். மீதி 230-க்கு எழுத்தில் பதில். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்ற வாக்கியம் இந்தியக் குடியரசின் மிகப் பழைய குடிமக்களில் ஒருவர். 2020 செப்டம்பரில் கேள்வி நேரத்தையே ரத்து செய்துவிட்டு எழுத்துப் பதில் மட்டும் கொடுத்தார்கள். ஊரடங்கில் வீடு திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் செத்தார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தொடரில் தொழிலாளர் அமைச்சகம் கொடுத்த பதில்: அப்படிப்பட்ட விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை. ரயிலில் அடிபட்டுச் செத்த தொழிலாளர்களின் ரொட்டி தண்டவாளத்தில் சிதறிக் கிடந்ததை நாடே பார்த்தது. அமைச்சகத்துக்கு விவரம் இல்லை. கேட்ட எம்.பி.யின் கணக்கில் ஒரு கேள்வி கூடியது.

கேள்விக்கு விலை இருந்த காலமும் உண்டு. 2005-ல் ஒரு பத்திரிகைக் குழு, வட இந்தியச் சிறு உற்பத்தியாளர் சங்கம் என்று இல்லாத ஒரு சங்கத்தின் பெயரில் எம்.பி.க்களை அணுகியது. பணம் கொடுத்தால் கேள்வி கேட்பீர்களா? கேட்டார்கள். குறைந்த விலை 15,000 ரூபாய், கூடிய விலை 1,10,000. அந்தக் கேள்விகளில் ஒன்று, ஜெர்மனியிலிருந்து 'யொசாரியன் எலெக்ட்ரோ டீசல் எஞ்சின்' வாங்க ரயில்வே ஆர்டர் கொடுத்திருக்கிறதா என்பது. அப்படி ஓர் எஞ்சின் உலகத்தில் கிடையாது. யொசாரியன் என்பது ஓர் அமெரிக்க நாவலின் கதாநாயகன் பெயர். மாட்டிக்கொண்ட 11 பேரை, மக்களவையில் பத்து, மாநிலங்களவையில் ஒன்று, அந்த டிசம்பரில் பதவி நீக்கினார்கள். அவர்களுடைய மதிப்பெண் அட்டை அன்றைக்கு இருந்திருந்தால் இந்தக் கேள்விகளும் அதில் கூட்டப்பட்டுப் பளபளத்திருக்கும். எண்ணிக்கைக்கு யொசாரியனும் ஒன்றுதான், குடிநீரும் ஒன்றுதான்.

சரி, ஓட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் சட்டம் இயற்றும் உறுப்பு கை அல்ல, தொண்டை. 'ஏற்போர் ஆம் என்க' என்கிறார் தலைவர். ஒரு சத்தம். 'மறுப்போர் இல்லை என்க.' இன்னொரு சத்தம். 'ஏற்போர் அதிகம், ஏற்போர் அதிகம், தீர்மானம் நிறைவேறியது.' இவ்வளவுதான். இதற்குக் குரல் வாக்கெடுப்பு என்று பெயர். குரல் உண்டு, வாக்கு உண்டு, எடுப்புத்தான் இல்லை. யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார், யார் கொட்டாவி விட்டார், யார் வாயைத் திறந்து சத்தமில்லாமல் மூடினார் – எதுவும் பதிவாகாது. ஒவ்வொரு இருக்கையிலும் பச்சை, சிவப்பு, மஞ்சள் பொத்தான்கள் இருக்கின்றன. ஆம், இல்லை, நடுநிலை. அழுத்தினால் சில நொடிகளில் பெயர்வாரியாகக் கணக்கு வந்துவிடும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் அழுத்தித்தான் ஆக வேண்டும். மற்ற சட்டங்களுக்கு, தலைவரின் முடிவை ஏற்காமல் யாராவது எழுந்து 'டிவிஷன்' கேட்டால்தான் பொத்தானுக்கு வேலை. கேட்பவர்கள் குறைவு. எதிர்க்கட்சிக்காரருக்கும் இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. தன் வரிசையில் எத்தனை இருக்கைகள் காலி என்பது அவருக்குத் தெரியுமே.

கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள். தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திருச்சி சிவா, கே.கே. ராகேஷ் உள்ளிட்ட எதிர்க்கட்சி எம்.பி.க்கள் தீர்மானம் கொடுத்து, டிவிஷன் கேட்டார்கள். துணைத் தலைவர் ஹரிவன்ஷ் மறுத்தார். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது பிறகு சொல்லப்பட்ட காரணம். சிவாவும் ராகேஷும் கேட்டபோது இருக்கையில்தான் இருந்தார்கள் என்பதை அவையின் சொந்தத் தொலைக்காட்சிப் பதிவை வைத்தே பத்திரிகை எழுதியது. இதற்கிடையே நேரலையில் ஒலி நின்றுபோனது. குரலால் வாக்கெடுக்கும் அவையில் குரலையே அணைத்துவிட்டு வாக்கெடுத்த சாதனை அன்று நிகழ்ந்தது. மறுநாள் எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம். அதற்குப் பிறகு விவசாயிகள் டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் கிடந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களை விவாதமே இல்லாமல், இரு அவைகளிலும் ஒரே நாளில், மறுபடியும் குரலாலேயே திரும்பப் பெற்றார்கள். போன வருடம் ஆம் என்ற அதே தொண்டைகள். இந்த வருடமும் ஆம். எந்தத் தொண்டையையாவது பிடித்துக் கேட்க முடியுமா? பெயரே இல்லையே.

டெல்லிக்காரர்கள் அப்படி, நாம் வேறு என்று மீசையை முறுக்கிவிட வேண்டாம். 2023 ஏப்ரல் 21, தமிழ்நாடு சட்டமன்றம், கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா. கம்யூனிஸ்டுகள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ் என்று கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. ஏற்போர் ஆம் என்க. நிறைவேறியது. பெரும் திட்டங்களுக்காக நிலங்களை ஒருங்கிணைக்கும் சட்டமும் அதே நாளில் விவாதமின்றி நிறைவேறியது. எட்டு மணி நேர வேலையை வாங்குவதற்கு உலகத்தில் எத்தனை பேர் தூக்கில் தொங்கினார்கள் என்று மே தின மேடைகளில் முழங்கும் கட்சிதான் அன்று ஆட்சியில் இருந்த திமுக. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்று நாளில் மசோதாவை நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். தொழிலாளர் நலன் காத்த தலைவருக்கு நன்றி சொல்லிப் பத்தே நாளில் பிளெக்ஸ் வந்தது. நன்றி சொன்ன எம்.எல்.ஏ.க்களில் ஏப்ரல் 21 அன்று ஆம் என்று கத்தியவர் யார்? அவைக்குறிப்பு பேசாது. நேரலை வரும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுத்தார்கள். 2022-ல் கேள்வி நேரத்தைக் காட்டத் தொடங்கினார்கள். மசோதாக்கள் நிறைவேறும் நேரம் கேள்வி நேரம் அல்ல என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் சொல்வார்கள்: நேரமில்லை. முதல் மக்களவை வருடத்துக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. பதினேழாவது மக்களவை, 2019 முதல் 2024 வரை, மொத்தமாகவே 274 நாள்; வருடத்துக்கு 55. அந்த ஐந்து வருடமும் துணை சபாநாயகர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான மசோதாக்கள் மக்களவையில் ஒரு மணி நேரம்கூடப் பேசப்படாமல் தாண்டின. 2018-லும் 2023-லும் நாட்டின் மொத்த பட்ஜெட்டும் ஒரு துறைகூட விவாதிக்கப்படாமல் நிறைவேறியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வருடத்துக்கு இருநூறு நாள் பள்ளிக்குப் போகிறார்கள். சட்டம் செய்பவருக்கு 55 நாள் போதும். ஏனென்றால் அவர் படிக்க வேண்டியது எதுவும் இல்லை. எப்போது ஆம் சொல்ல வேண்டும் என்பதைக் கொறடா சொல்லிவிடுவார்.

கொறடாவைப் பற்றிச் சொல்லாமல் ஓட்டைப் பற்றிப் பேச முடியாது. 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். இந்த வியாதிக்கு மருந்தாக 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், அல்லது போடாமல் இருந்தால், பதவி போகும். வியாதி போயிற்றா? ஒருவராகத் தாவினால் குற்றம், மூன்றில் இரண்டு பங்காகத் தாவினால் இணைப்பு. சில்லறை வியாபாரத்தை நிறுத்தி மொத்த வியாபாரம் ஆக்கினார்கள். தாவுவது நிற்கவில்லை, யோசிப்பது நின்றுபோனது. அரசு கவிழும் ஓட்டுக்கு மட்டுமல்ல, மீன்பிடி மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போட முடியும். பதினைந்து லட்சம் பேரின் பிரதிநிதி தன் தொகுதிக் கடற்கரையை விற்கும் மசோதாவுக்கு எதிராகப் பொத்தானை அழுத்தினால் பதவி போகும். ஆதரவாக அழுத்தினால் அடுத்த முறையும் சீட்டு கிடைக்கும்.

அந்தச் சட்டமாவது எல்லோருக்கும் ஒன்றா? தமிழ்நாடு இதில் உலகத்துக்கே பாடம் நடத்தியது. 2017 பிப்ரவரி 18. கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய அதிமுக எம்.எல்.ஏ.க்களோடு முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரினார். ரகசிய வாக்கெடுப்பு கேட்ட திமுகவினரைத் தூக்கி வெளியே விட்டார்கள். எண்ணிப் பார்த்ததில் 122 ஆதரவு, 11 எதிர்ப்பு. அந்தப் பதினொருவர் ஓ. பன்னீர்செல்வமும் அவர் அணியும். கட்சி ஒன்று, கொறடா ஒருவர், ஓட்டு எதிராக. ஊரறிய, எண்ணப்பட்டு, பதிவான ஓட்டு. தகுதி நீக்கத்துக்கு இதைவிடத் தெளிவான வழக்கு இருக்க முடியாது. என்ன ஆனது? ஆறு மாதத்தில், ஆகஸ்ட் 21 அன்று, பன்னீர்செல்வம் துணை முதல்வர். மறுநாள் அதே கட்சியின் டி.டி.வி. தினகரன் அணி எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் போய், முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. கடிதம்தான். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றமும் கடைசியில் அது செல்லும் என்றது. பதினொருவர் மீதான மனு சபாநாயகர் மேசையில் வருடக்கணக்கில் தூங்கியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்குத் துணை முதல்வர் நாற்காலி, எதிர்த்துக் கடிதம் கொடுத்தவருக்கு வீட்டு நாற்காலி. இதில் எம்.எல்.ஏ.வின் வாக்குப் பதிவைத் தேடி நாம் என்ன செய்யப் போகிறோம்? சபாநாயகர் மேசை இழுப்பறையைத்தான் கண்காணிக்க வேண்டும்.

நீதிமன்றங்களும் இந்த ஓட்டை ஒரு காலத்தில் புனிதப் பொருளாகவே நடத்தின. 1993-ல் நரசிம்ம ராவ் அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251-க்கு 265 என்று தோற்றது. அதில் சில எம்.பி.க்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டதாக வழக்கு. 1998-ல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்புச் சொன்னது: லஞ்சம் வாங்கி, வாங்கியபடி ஓட்டும் போட்டவருக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு, வாங்கிவிட்டு ஓட்டுப் போடாதவருக்கு இல்லை. வாங்கிய காசுக்கு வேலை பார்த்தவர் தப்பினார், ஏமாற்றியவர் மாட்டினார். வியாபார தர்மம் என்று பார்த்தால் சரியான தீர்ப்புதான். ஏழு நீதிபதிகள் அமர்ந்து அதைத் தவறு என்று சொல்ல 2024 மார்ச் 4 வரை ஆயிற்று.

ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டை உண்மையிலேயே துல்லியமாகக் கண்காணிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மாநிலங்களவைத் தேர்தல். 2003 முதல் அங்கே திறந்த வாக்குச்சீட்டு. எம்.எல்.ஏ. தன் சீட்டைக் கட்சி ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும், காட்டாவிட்டால் செல்லாது. வேறு ஆளுக்குக் காட்டினாலும் செல்லாது. 2017 ஆகஸ்டில் குஜராத்தில் அகமது படேல் போட்டியிட்டபோது இரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் தங்கள் சீட்டை பாஜக தரப்புக்குக் காட்டிவிட்டார்கள். தேர்தல் ஆணையம் வீடியோவைப் போட்டுப் பார்த்து, இரண்டு ஓட்டையும் ரத்து செய்து, நள்ளிரவு தாண்டி முடிவை அறிவித்தது. படேல் ஜெயித்தார். ஆக, யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதை அறியும் வழி இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. கேமரா இருக்கிறது, வீடியோ இருக்கிறது, நடுராத்திரியில் உட்கார்ந்து பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒரு கட்சியின் ஒரு சீட்டு போய்விடும் என்றால் இவ்வளவும் வரும். கோடிக்கணக்கான விவசாயிகளின் சட்டம் என்றால் மைக் அணையும்.

தப்பித்தவறி பொத்தான் அழுத்தப்படும் நாட்களுக்கும் நம் கட்சிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. வெளிநடப்பு. 2019 ஜூலையில் முத்தலாக் மசோதா. 25-ஆம் தேதி மக்களவையில் அதிமுகவின் ஒரே எம்.பி. ரவீந்திரநாத் குமார் அதை ஆதரித்துப் பேசினார். 30-ஆம் தேதி மாநிலங்களவையில் அதே அதிமுக எதிர்த்துப் பேசியது. பேசிவிட்டு வெளியே போனது. ஐக்கிய ஜனதா தளமும் எதிர்த்து, வெளியே போனது. ஆதரவு 99, எதிர்ப்பு 84. வெளியே போன இரு கட்சிகளுக்கும் சேர்த்து 17 ஓட்டு. உட்கார்ந்திருந்தால் 101. எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே ஒரு மசோதாவை நிறைவேற்றிவைக்கும் இந்தக் கலைக்கு வாசலில் கேமராவும் மைக்கும் தயாராக நிற்கின்றன. மதிப்பெண் அட்டையில் அன்றைக்கு அவர்களுக்கு வருகை உண்டு, விவாதத்தில் கலந்துகொண்ட கணக்கும் உண்டு.

வெளிநடப்பு செய்யாமல் உட்கார்ந்த ஒரு நாளும் வந்தது. 2019 டிசம்பர் 11 இரவு, மாநிலங்களவை, குடியுரிமைத் திருத்த மசோதா. அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களில் யாருக்குக் குடியுரிமை என்ற பட்டியலில் முஸ்லிம்கள் இல்லை. இலங்கையும் இல்லை, நாற்பது வருடமாக நம் முகாம்களில் கிடக்கும் ஈழத் தமிழர்களும் இல்லை. தமிழ்நாட்டில் எந்தக் கட்சி மேடையிலும் ஈழத் தமிழருக்காகக் குரல் கம்மாத தலைவர் கிடையாது. அன்று பொத்தான் அழுத்தச் சொன்னார்கள். ஆதரவு 125, எதிர்ப்பு 105. அந்த 125-ல் அதிமுகவின் 11 பேரும் பாமகவின் அன்புமணியும் உண்டு. பன்னிரண்டு விரல்கள் பச்சைக்குப் பதில் சிவப்பில் பட்டிருந்தால் 113-க்கு 117. மசோதா அங்கேயே செத்திருக்கும். இந்தக் கணக்கை நான் போட முடிவதற்கு ஒரே காரணம், அன்று டிவிஷன் நடந்தது. அந்தப் பெயர்ப் பட்டியலும் நடவடிக்கைத் தொகுப்பின் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் எங்கோ கிடக்கிறது. பொறுமை இருப்பவர்கள் தோண்டி எடுக்கலாம்.

2021-ல் சட்டமன்றத் தேர்தல் வந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிடுமாறு மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதிமுக தேர்தல் அறிக்கை அறிவித்தது. தங்கள் ஓட்டில் பிழைத்த சட்டத்தைக் கைவிடச் சொல்லி அவர்களே வலியுறுத்தப் போகிறார்கள். வெட்கம் என்பது அச்சடிக்கும்போது உதிர்ந்துவிடும் போல. அந்த வருடம் செப்டம்பர் 8 அன்று, அதே கோரிக்கையை முன்வைத்துத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அரசு தீர்மானம் கொண்டுவந்தது. தேர்தல் அறிக்கையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கையைக்கூடத் தூக்க வேண்டியதில்லை, ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதிமுக உறுப்பினர்கள் அவையில் இல்லை. வேறொரு விஷயத்தைச் சொல்லி, அதற்கு முன்பே வெளிநடப்பு செய்திருந்தார்கள்.